பழந்தொலைபேசி தேடுவோர்

ஒரு பொருள் எத்துணைக் காலம் வீடுகளிலே புழங்கியது என்பது ஒன்று. அப்பொருள் அவ்வீட்டாருக்கு உரிமையாயிருந்ததா என்பது வேறொன்று. அமெரிக்க நாட்டிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக இலட்சக்கணக்கான இல்லங்களிலே தொலைபேசிக் கருவி வீற்றிருந்தது. ஆயினும் அவ்வில்லத்தாருள் மிகப் பெரும்பாலோர் அதனை விலை கொடுத்து வாங்கியவரல்லர். பெல் தொலைபேசி நிறுவனம் அதனை மாத வாடகைக்கு வைத்துச் சென்றது. பழுதுற்றபோது வந்து திருத்தியது. புதிய மாதிரி வந்தபோது பழையதைக் கழற்றி எடுத்துச் சென்றது. கருவியிலே 'பெல் அமைப்பின் உடைமை, விற்பனைக்கன்று' என்னும் வாசகத்தைப் பொறித்தும் வைத்தது. விற்பனைக்கன்று என்று எழுதப்பட்ட அதே கருவிகளே இன்று நாள்தோறும் இணைய ஏலத்திலே விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குதற்கு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் ஒரு கூட்டத்தார் இரவு விழித்துக் காத்திருக்கின்றனர்.

இவர்கள் தேடுவது யாது, அஃது ஏன் அரிய பொருளாயிற்று, இணைய ஏலம் இவர்களுக்கும் அப்பொருளுக்கும் செய்த நன்மை யாது, தீமை யாது என்பன ஆராயத்தக்கன. அவ்வாராய்ச்சிக்கு முன்னர், விரலால் சுழற்றும் வட்டு தொலைபேசியிலே எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தமது தொலைபேசிக்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1876ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். தொடக்கக் காலத்திலே ஒருவர் மற்றொருவருடன் பேச விரும்பினால், இணைப்பகத்திலே அமர்ந்திருக்கும் பணிப்பெண்ணை அழைத்துத் தமக்கு வேண்டியவரின் பெயரையோ எண்ணையோ சொல்ல வேண்டும். அவர் ஒரு கம்பியை எடுத்து ஒரு துளையிலே செருகி இருவரையும் இணைத்து வைப்பார். எனவே, ஊரிலே யார் யாருடன் பேசுகிறார் என்பது அப்பணிப்பெண்ணின் கையிலேயே தங்கியிருந்தது.

இந்நிலையைப் பொறாதவர் ஆல்மன் பிறவுண் ஸ்ட்ரோஜர் என்பவர். அவர் பொறியியலாளர் அல்லர். முன்னர் ஆசிரியராயிருந்து, பின்னர் கன்சாஸ் நகரிலே ஈமச் சடங்குத் தொழில் நடத்தியவர். அவ்வூரிலே அதே தொழில் செய்த மற்றொருவரின் மனைவி தொலைபேசி இணைப்பகத்திலே பணிபுரிந்தாள் என்றும், ஸ்ட்ரோஜரை நாடி வந்த அழைப்புகளை அவள் தன் கணவனுக்கே திருப்பிவிட்டாள் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை முழுவதும் உண்மையோ அன்றோ, அதன் விளைவு உண்மை. மனிதரின் தலையீடின்றித் தாமே இணைப்பை உண்டாக்கும் பொறியொன்றை அவர் வகுத்து, 1889ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1891ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். கழுத்துப்பட்டி வைக்கும் வட்டப் பெட்டியொன்றிலே ஊசிகளை வரிசையாகக் குத்தித் தமது முதல் மாதிரியை அவர் அமைத்தார் என்பர். 1892ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்னும் சிற்றூரிலே அவருடைய முறையில் அமைந்த முதலாவது தானியங்கி இணைப்பகம் ஏறக்குறைய 75 சந்தாதாரருடன் திறக்கப்பட்டது.

அந்த முதல் இணைப்பகத்துக் கருவிகளிலே வட்டு இருக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. கருவியிலே சில விசைகள் இருந்தன. வேண்டிய எண்ணுக்கேற்ப அவ்விசையை அத்தனை முறை அழுத்த வேண்டும். ஏழு என்றால் ஏழு முறை. எண்ணிக்கை தவறினால் வேறொருவர் வீட்டிலே மணி ஒலிக்கும். இத்தொல்லையைத் தீர்த்தவர்கள் ஸ்ட்ரோஜர் நிறுவனத்திலே பணிபுரிந்த கீத் என்பவரும் எரிக்சன் உடன்பிறந்தார் இருவருமாவர். இவர்கள் 1896ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1898ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்ற கருவியே சுழல்வட்டின் முன்னோடி. அதிலும் இன்று பழகிய விரல் துளைகள் இல்லை. வட்டின் விளிம்பிலே விரலுக்குப் பிடி கொடுக்கும் பற்களே இருந்தன. துளைகள் பின்னர் வந்தன. ஸ்ட்ரோஜர் 1902ஆம் ஆண்டில் இறந்தார். உரிமைகளை அதற்கு முன்பே சிறு தொகைக்கு விற்றுவிட்டார். சிக்காகோவில் அமைந்த ஓட்டோமேட்டிக் எலக்ட்ரிக் நிறுவனம் அவருடைய முறையை உலகெங்கும் பரப்பியது.

சுழல்வட்டின் செயல் எளியது, ஆனால் நுட்பமானது. விரலைத் துளையிலே வைத்து வட்டைத் தடைக்கம்பி வரை சுழற்றும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் முறுகுகின்றது. விரலை எடுத்ததும் வில் தளர்ந்து வட்டைப் பழைய இடத்துக்குத் திருப்புகின்றது. அவ்வாறு திரும்பும் வேளையிலேதான் வேலை நடைபெறுகின்றது. தொலைபேசிக் கம்பியிலே ஓடும் மின்னோட்டம் ஒன்றுக்கு ஒரு முறையும், ஐந்துக்கு ஐந்து முறையும், சுழிக்குப் பத்து முறையும் அறுபட்டு இணைகின்றது. இந்த அறுபாடு ஒரு விநாடிக்குப் பத்து என்னும் வேகத்திலே ஒரே சீராக நிகழ வேண்டும். அதற்காகவே வட்டின் பின்னே சிறு எடைகளைக் கொண்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவியொன்று சுழல்கின்றது. வட்டு திரும்பும்போது கேட்கும் அந்த மெல்லிய இரைச்சல் இதனுடைய ஓசையே. இணைப்பகத்திலே உள்ள தெரிபொறி அந்த அறுபாடுகளை எண்ணி, முதலில் மேலே படிப்படியாக ஏறி, பின்னர் பக்கவாட்டிலே திரும்பி, நூறு தொடுமுனைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றது.

எல்லா நாடுகளும் எண்களை ஒரே வகையாக அடுக்கவில்லை. சுவீடன் நாட்டு வட்டிலே வரிசை சுழியிலிருந்து தொடங்குகின்றது. அங்கே சுழிக்கு ஒரு துடிப்பு. நியூசிலாந்திலும் நோர்வேயின் ஒஸ்லோ நகரிலும் எண்கள் தலைகீழாக வைக்கப்பட்டன. அமெரிக்காவிலே எண்களுடன் மும்மூன்று எழுத்துகளையும் சேர்த்தனர். இணைப்பகத்தின் பெயரின் முதல் எழுத்துகளையே எண்ணாகச் சுழற்றும் வழக்கம் இதனால் உண்டாயிற்று. இலண்டன் மாநகரும் 1927ஆம் ஆண்டு முதலாகத் தானியங்கி இணைப்பகங்களில் அவ்வழியைப் பின்பற்றியது. ஆகவே, வட்டின் முகத்தைக் கண்ட அளவிலேயே இக்கருவி எந்நாட்டில் எவ்வகை இணைப்பகத்துக்காகச் செய்யப்பட்டது என்று அறிந்தவர் கூறிவிடுவர்.

இனி, சேகரிப்பாளர் விரும்பித் தேடும் கருவிகளைக் காண்போம். இவற்றுள் முதலிடம் பெறுவன ஓட்டோமேட்டிக் எலக்ட்ரிக் நிறுவனத்தார் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே செய்த நின்றநிலைத் தொலைபேசிகள். மெழுகுதிரித் தண்டு போன்ற நெடிய கால். அதன் உச்சியிலே பேசும் வாய். பக்கத்திலே கொக்கியில் தொங்கும் கேட்கும் குழல். தண்டின் அடிப்பாகம் பானை வயிறு போலப் பருத்து, அதிலே பெரிய வட்டு பொருத்தப்பட்டிருக்கும். அவ்வட்டிலே பத்துக்குப் பதிலாகப் பதினொரு துளைகள் உள்ளன. மிகையான அத்துளை நெடுந்தூர இணைப்புக்கு உரியது. இத்தகைய கருவி ஏலத்துக்கு வருவது அரிது. வந்தால் செய்தி சேகரிப்பாளரிடையே ஒரே நாளிற் பரவிவிடும்.

பெல் நிறுவனம் தானியங்கி முறையை நெடுங்காலம் ஏற்கவில்லை. பணிப்பெண்களின் சேவையே சிறந்ததென அது வாதித்து வந்தது. 1919ஆம் ஆண்டிலே வெர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரிலேதான் அந்நிறுவனம் சுழல்வட்டுச் சேவையைப் பெரிய அளவிலே தொடங்கிற்று. எனவே பெல்லின் உற்பத்திப் பிரிவாகிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த வட்டுடைய நின்றநிலைக் கருவிகள் அவ்வாண்டை ஒட்டியே தொடங்குகின்றன. கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே கைப்பிடி கொண்ட கருவியை அந்நிறுவனம் 1927ஆம் ஆண்டிலே வெளியிட்டது. 1937ஆம் ஆண்டிலே ஹென்றி டிரைபஸ் என்னும் வடிவமைப்பாளரின் துணையோடு, மணியையும் தன்னுள்ளே அடக்கிய 302ஆம் இலக்க மாதிரி வந்தது. தொடக்கத்தில் அதன் கூடு உலோக வார்ப்பு. சில ஆண்டுகளுக்குள் அது பிளாஸ்டிக்குக்கு மாறிற்று. உலோகக் கூட்டையும் பிளாஸ்டிக் கூட்டையும் பிரித்தறிதல் சேகரிப்பாளன் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று.

பிரித்தானியாவிலே தொலைபேசியும் தபால் திணைக்களத்தின் பொறுப்பிலேயே இருந்தது. அத்திணைக்களத்தின் 150ஆம் இலக்க நின்றநிலைக் கருவி 1924ஆம் ஆண்டிலும், சீமென்ஸ் சகோதரர் நிறுவனம் வகுத்த கூம்பிய வடிவுடைய 162ஆம் இலக்கக் கருவி 1929ஆம் ஆண்டிலும் வந்தன. பின்னர் 1934இல் 232ஆம் இலக்கமும், 1937இல் 332ஆம் இலக்கமும் தோன்றின. இவை பேக்கலைற் என்னும் பொருளால் ஆனவை. பெல்ஜியத்திலே பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907ஆம் ஆண்டிலே கண்டறிந்த செயற்கைப் பிசின் அது. இப்பிரித்தானியக் கருவிகளுள் கறுப்பு நிறத்தன ஏராளம். தந்த நிறமும் சிவப்பும் குறைவு. பச்சை நிறமோ மிகக் குறைவு. அதற்கே விலை மிகுதி. நோர்வே ஓவியர் ஜீன் ஹைபர்க் வடிவமைத்து 1930களின் தொடக்கத்திலே எரிக்சன் நிறுவனம் வெளியிட்ட பேக்கலைற் கருவியும் ஐரோப்பியச் சேகரிப்புகளிலே தவறாது இடம்பெறும்.

இலட்சக்கணக்கிற் செய்யப்பட்ட பொருள் எவ்வாறு அரிதாயிற்று? விடை தொடக்கத்திலே கூறப்பட்ட உரிமை முறையிலே இருக்கின்றது. வீட்டாருக்குச் சொந்தமான பொருளாயின், புதியது வந்தபோது பழையது பரணிலே ஏறியிருக்கும். பேரப்பிள்ளைகள் கையிலே கிடைத்திருக்கும். வாடகைப் பொருளோ நிறுவனத்துக்கே திரும்பிற்று. நிறுவனம் அதனைப் பிரித்து, பயன்படும் உறுப்புகளைப் புதிய கூட்டிலே வைத்து மீண்டும் அனுப்பியது. பயன்படாதவற்றை உலோகத்துக்காக உருக்கியது. ஆகவே ஒரு மாதிரி பத்து ஆண்டுக்காலம் வெளிவந்திருந்தாலும், அது வெளிவந்த முதல் ஆண்டிற் செய்யப்பட்ட கருவி, செய்யப்பட்டபடியே எஞ்சுவது அருமையாயிற்று. தனித்தனி ஊர்களிலே சேவை நடத்திய சிறு நிறுவனங்களின் கருவிகளும், பணியாளர் தம் வீட்டிலே வைத்துக்கொண்டவையும், பழைய தொழிற்சாலை மூலைகளிலே மறக்கப்பட்டவையுமே பெரும்பாலும் தப்பின. பிரித்தானியாவிலே 1981ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்காவிலே 1984ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பெல் அமைப்பு பிரிக்கப்பட்டமையும் அவ்வாடகைக் காலத்துக்கு முடிவுரை எழுதின.

அக்காலத்துக்கு முன்னரே சேகரிப்பாளர் சிலர் தோன்றிவிட்டனர். 1971ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே பழந்தொலைபேசிச் சேகரிப்பாளர் சங்கம் அமைந்தது. பின்னர் வேறு சங்கங்களும் எழுந்தன. அந்நாளைய சேகரிப்பாளன் பழம்பொருட் சந்தைகளுக்கு அதிகாலையிலே கைவிளக்குடன் செல்வான். ஊர்ப்புறத்து வீட்டுப் பொருள்கள் ஏலம் போகும் இடங்களுக்கு நெடுந்தூரம் வண்டி ஓட்டுவான். சங்கத்தின் கூட்டத்திலே ஒருவருக்கொருவர் உறுப்புகளை மாற்றிக்கொள்வான். தேடலுக்குக் காலும் காலமும் வேண்டியிருந்தன. ஒருவன் தன் வாழ்நாளிலே ஒரு முறைகூடக் காணாத மாதிரிகள் பல இருந்தன.

1995ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே பியர் ஒமிடியார் என்னும் இளம் கணினியாளர் கலிபோர்னியாவிலே ஓர் இணைய ஏலத்தைத் தொடங்கினார். அதிலே விற்ற முதற் பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுக்கருவி. விலை 14 டொலர் 83 சதம். பழுதானதென்று தெரிந்தே ஒருவர் வாங்கினார் என்பதிலே சேகரிப்பாளர் உள்ளம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. 1997ஆம் ஆண்டு முதல் ஈபே என்னும் பெயரால் வழங்கிய அந்த ஏலம் பழந்தொலைபேசி உலகைத் தலைகீழாக மாற்றிவிட்டது. ஒகையோ மாநிலத்துப் பண்ணை வீட்டின் நிலவறையிலே கிடந்த கருவியை அவுஸ்திரேலியாவிலே இருப்பவர் தம் மேசையிலிருந்தே காணலானார். வாழ்நாளிற் காணாத மாதிரிகள் வாரத்துக்கொரு முறை கண்முன் வந்தன.

இந்த ஏலத்தின் முறை பலருக்குப் புதிது. வாங்க விரும்புபவர் தாம் கொடுக்க ஒருப்படும் உச்ச விலையை மறைவாகப் பதிந்து வைக்கலாம். அதனை ஏலப்பொறி வெளியிடாது. மற்றொருவர் விலை ஏற்றும்போது இவருக்காகத் தானே ஒரு படி மேலே கேட்கும். ஒருவர் 300 டொலர் வரை கேட்கச் சொல்லியிருக்க, மற்றவருடைய உச்சம் 250 டொலராயின், ஏற்றப்படி 5 டொலர் எனக் கொண்டால், முன்னவர் 255 டொலருக்குப் பொருளைப் பெறுவார். ஏலம் குறித்த நேரத்திலே, குறித்த விநாடியிலே முடிந்துவிடும். ஆகையால் தேர்ந்தவர்கள் ஆறு நாளும் வாளாவிருந்து, ஏழாம் நாளின் இறுதி விநாடிகளிலே தம் விலையைச் சொல்வர்.

இது வெறும் தந்திரமென்று எண்ணுதல் ஆகாது. அல்வின் ரொத், அக்செல் ஒக்கென்பெல்ஸ் என்னும் பொருளியலாளர் இருவர் 2002ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்குகின்றது. குறித்த விநாடியிலே முடியும் ஏலத்தையும், இறுதிப் பத்து நிமிடத்திலே யாரேனும் விலை கேட்டால் மேலும் நீடிக்கும் ஏலத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். இறுதி விநாடிக் கேள்வி முன்னைய வகையிலேயே மிகுதி. அதிலும் கணினிகளைக் காட்டிலும் பழம்பொருள்களுக்கே மிகுதி. காரணம் யாதெனின், பழம்பொருளிலே அறிவுடையவர் விலை கேட்டால், அக்கேள்வியே மற்றவர்க்கு ஒரு சான்றாகிவிடுகின்றது. இப்பொருள் மெய்யானது, மதிப்புடையது என்பதை அது பறைசாற்றிவிடும். ஆதலால் அறிந்தவர் தம் அறிவை இறுதி விநாடி வரை மறைத்து வைக்கின்றார்.

இவ்விடத்திலே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. சேகரிப்பாளர் சங்கங்கள் வளர்ந்தது அறிவைப் பகிர்ந்துகொள்வதனால். ஏலத்திலே வெல்வதோ அறிவை மறைப்பதனால். விற்பவர் பலர் தம் கையிலே இருப்பது யாதென அறியாதவர்; மூதாட்டியொருவர் இறந்தபின் வீட்டைத் துப்புரவு செய்யும் உறவினர் 'பழைய கறுப்புப் போன்' என்று மட்டும் எழுதி விற்பனைக்கு வைக்கின்றனர். பெயரைப் பிழையாக எழுதுவோரும் உண்டு. அப்பிழைகளையே தேடிப் பிடிக்கும் சேகரிப்பாளரும் உண்டு. பொருளின் உண்மை மதிப்பை விற்பவருக்கு எடுத்துச் சொல்லுதல் கடமையா, அன்றி வாணிபத்திலே அவரவர் அறிவு அவரவர் முதலா என்பதைப் பற்றிச் சேகரிப்பாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நெடுநாட் பழகியவர்களுட் சிலர், அரிய பொருளொன்று ஒரு சில டொலருக்கு வைக்கப்பட்டிருக்கக் கண்டால், விற்பவருக்கே எழுதி அறிவிப்பதுண்டு. வேறு சிலர் ஓசையின்றி வாங்கிக்கொள்வர்.

வாங்குபவருக்கு நேரக்கூடிய ஏமாற்றங்களோ பல. கையிலே எடுத்துப் பார்த்து, எடையை உணர்ந்து, அடித்தட்டைத் திறந்து காணும் வாய்ப்பு இணைய ஏலத்திலே இல்லை. நாலைந்து படங்களே சான்று. நின்றநிலைத் தொலைபேசிகளைப் போன்ற புதுப்போலிகள் பல ஆண்டுகளாகவே அலங்காரத்துக்கெனச் செய்யப்பட்டு வந்துள்ளன. அவை இப்போது தாமே பழையனவாகித் தோற்றத்தாலும் ஏமாற்றுகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் எடை குறைந்தவை; உள்ளே பிற்கால உறுப்புகள் உள்ளவை; கம்பியின் முனையிலே பிற்காலச் சதுரச் செருகி உள்ளவை. இவற்றைக் காட்டும் படம் இல்லையாயின், அடிப்பாகத்தின் படத்தைக் கேட்டுப் பெறுதல் முதல் விதி.

இதனினும் நுண்ணிய ஏமாற்றம் கலப்புக் கருவி. தண்டு ஒரு நிறுவனத்தது, வாய் மற்றொன்றினது, வட்டு முப்பதாண்டு பிந்தியது. ஒவ்வோர் உறுப்பும் மெய்யே, முழுமையோ பொய். இதனைக் கண்டறியத் திகதி முத்திரைகள் உதவுகின்றன. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் தன் உறுப்புகள் பலவற்றிலே ஆண்டின் காற்பகுதியை உரோம எண்ணாலும், ஆண்டைக் கடைசி இரு இலக்கத்தாலும் பொறித்தது. பிரித்தானியக் கருவிகளிலும் உற்பத்தியாளரைக் குறிக்கும் எழுத்தும் ஆண்டும் காணப்படும். கூடும், வட்டும், கைப்பிடியும், மணியும் ஒரே காலத்து முத்திரை தாங்கியிருப்பின் அக்கருவியின் மதிப்பு பன்மடங்காகும். புதியவர் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். கருவியிலே பொறிக்கப்பட்ட உரிமைப் பத்திரத் திகதியை அவர் உற்பத்தித் திகதியெனக் கொண்டுவிடுகின்றார். 1890களின் உரிமைப் பத்திரத் திகதி, அதற்குப் பல ஆண்டுகளின் பின்னர் செய்யப்பட்ட கருவியிலும் இருக்கும்.

மணிப்பெட்டி மற்றொரு குறை. நின்றநிலைக் கருவிகளுக்கும், தொடக்கக் காலக் கைப்பிடிக் கருவிகளுக்கும், பிரித்தானிய 162ஆம் இலக்கத்துக்கும் மணி தனிப் பெட்டியிலே சுவரில் இருந்தது. வீட்டைத் துப்புரவு செய்தவர் மேசைமேல் இருந்த அழகிய கருவியை எடுத்து வைத்தார்; சுவரிலே இருந்த பெட்டியைக் குப்பையிலே எறிந்தார். எனவே முழுமையான தொகுதி கிடைத்தற்கு அரிது. சில நின்றநிலைக் கருவிகளை மின்விளக்குத் தண்டாக மாற்றுவதற்காகத் துளையிட்டவர்களும் உண்டு. அத்துளை படத்திலே தெரியாது.

எல்லாவற்றினும் மேலான கேடு விற்பவர் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு. பித்தளைத் தண்டுகள் பல, தொழிற்சாலையிலே கரிய அரக்குப் பூச்சுடன் வெளிவந்தவை. பளபளக்கும் பொன்னிறமே விலை தருமென்று கருதி, விற்பவர் அப்பூச்சைச் சுரண்டி, சக்கரத்திலே வைத்து மெருகேற்றி விடுகின்றார். பூச்சோடு உற்பத்தி முத்திரைகளும் மெல்லத் தேய்ந்து போகின்றன. எண்பது தொண்ணூறு ஆண்டு தாங்கிய சான்று ஒரு பிற்பகலிலே அழிந்துவிடுகின்றது. பழுத்த சேகரிப்பாளன் பளபளப்பைக் கண்டு பெருமூச்சு விடுவதும், அழுக்குப் படிந்த கரிய கருவியைக் கண்டு விலையை உயர்த்துவதும் இதனாலேயே. வட்டின் நடுவிலே உள்ள எண் அட்டையும், துணி பின்னிய கம்பியும், எனாமல் பூசிய எண் தகடும் அவ்வாறே தொடாது விடத்தக்கவை.

ஏலம் வென்றபின்னும் அச்சம் தீர்வதில்லை. பேக்கலைற் கடினமானது, ஆனால் அடிபட்டால் பீங்கான் போல் உடைவது. கைப்பிடியை அதன் தாங்கியின் மேலேயே வைத்துக் கட்டி அனுப்பினால், வழியிலே அது சுத்தியல் போல் கூட்டை அடித்து நொறுக்கிவிடும். கைப்பிடியைத் தனியே சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்புமாறு வாங்குபவர் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நூற்றாண்டைக் கடந்து வந்த பொருள் தபாற் பையிலே ஒரு வாரத்தைக் கடக்க மாட்டாது மடிந்த நிகழ்ச்சிகள் சேகரிப்பாளரிடையே ஏராளமாகக் கூறப்படும்.

இவ்வளவு இடையூறுகளும் இருக்க, இணைய ஏலத்தால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. அது இல்லாதிருப்பின் துப்புரவு செய்த உறவினர் அக்கருவியைப் பழைய இரும்புக் கடைக்கே அனுப்பியிருப்பர். விலை உண்டென்ற செய்தி பரவியதனாலேயே பரண்களும் நிலவறைகளும் திறக்கப்பட்டன. மேலும், ஏலத்துக்கு வந்த கருவிகளின் படங்களை ஒப்புநோக்கி, எந்த மாதிரி எந்த ஆண்டிலே எவ்வாறு மாறிற்று என்பதைச் சேகரிப்பாளர் வகுத்து எழுதினர். நிறுவனங்கள் தம் பணியாளருக்காக அச்சிட்ட பழைய கையேடுகளைத் தேடி எடுத்துப் படியெடுத்து, எவரும் படிக்கும்படி நூலகமாக்கி வைத்துள்ளனர். ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறு, அதனை நடத்திய நிறுவனம் எறிந்துவிட்ட துண்டுகளிலிருந்து, ஊதியம் பெறாத ஆர்வலர் கையால் மீண்டும் எழுதப்பட்டது எனலாம்.

கருவி பேச வேண்டுமென்று விரும்புவோரும் இருக்கின்றனர். அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே கனெக்சன்ஸ் அருங்காட்சியகத்திலே பழைய தானியங்கி இணைப்பகப் பொறிகளை ஆர்வலர்கள் திருத்தி ஓடச் செய்துள்ளனர். வட்டின் துடிப்புகளை ஏற்காத இன்றைய இணைப்புகளுக்கு, அத்துடிப்பைத் தொனியாக மாற்றித் தரும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. சேகரிப்பாளர் தமக்குள்ளே ஒரு தனி வலையும் அமைத்துள்ளனர். வீட்டு நிலவறையிலே வைத்த பழைய தெரிபொறி ஒன்று படிப்படியாக ஏறித் திரும்புகின்றது. அவ்வழைப்பு இணையத்தின் வழியே கடல் கடந்து சென்று மற்றொரு நாட்டிலே ஒரு பழைய மணியை ஒலிக்கச் செய்கின்றது. செப்புக் கம்பி இணைப்புகளைக் கைவிட்டு இணையவழிப் பேச்சுக்கு மாறும் பணி பல நாடுகளிலே நடந்து வருகின்ற இக்காலத்திலே, பழைய வட்டுக்கு இடமளிப்பதும் அதே இணையமாக இருக்கின்றது.

ஆகவே, இத்துறையிலே புகுவோர் பணத்தைவிட முதலிலே ஈட்ட வேண்டியது அறிவு. ஒரே ஒரு மாதிரியைத் தெரிந்துகொண்டு, அதன் உறுப்புகளையும் முத்திரைகளையும் நிறங்களையும் நன்கு கற்றபின் விலை கேட்பவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. சில மாதங்கள் ஏலங்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருத்தலும், முடிந்த விலைகளைக் குறித்து வைத்தலும் நற்பயிற்சி. உச்ச விலையைப் பகலிலே அமைதியாக முடிவு செய்து பதிந்துவிட்டு, இறுதி விநாடியின் கொதிப்பிலே அதனை மாற்றாதிருத்தல் மற்றொன்று. சாதாரணக் கறுப்புக் கருவியே தொடக்கத்துக்குப் போதும். அதனைத் திறந்து, தூசு துடைத்து, வட்டின் வேகத்தைச் சரிசெய்து பழகியவரே பின்னர் அரிய கருவியைக் காக்கத் தகுதி பெறுவர்.

பொருளை வாங்கியவர் அதன் உரிமையாளராகின்றார். ஆயினும் அதிலே பதிந்துள்ள வரலாற்றுக்கு அவர் காவலர் மட்டுமே. தண்டின் மேலுள்ள கரிய பூச்சையும், அட்டையிலே எவரோ மையால் எழுதிய பழைய எண்ணையும், அடித்தட்டின் மங்கிய முத்திரையையும் தமக்குப் பின் வருபவர் படிக்குமாறு விட்டுச் செல்லுதல் அவர் பொறுப்பு. கருவி எங்கே, எவரிடம், எந்நாளிலே கிடைத்தது என்பதை ஒரு சிறு தாளில் எழுதி அதனுள்ளே வைத்துவிடும் வழக்கம் சேகரிப்பாளர் சிலரிடம் உண்டு. அவ்வழக்கம் எங்கும் பரவுமாயின், ஏலங்கள் பல கடந்து கை மாறிச் சென்றாலும், அக்கருவி தன் கதையை இழவாது.